அமெரிக்காவில் அரசின் கை எங்கே நீள்கிறது, பொறுப்பு யார் தலையில் விழுகிறது?

வைகைக்கரையான் (டாலஸ்), இழையைத் தொடங்கியவர்:

அமெரிக்கச் சமூகம் சரிந்துகொண்டிருக்கிறது என்ற பேச்சு நம் தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலும் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. காரணம் கேட்டால் ஒருவர் குடும்ப அமைப்பைச் சொல்வார், இன்னொருவர் போதைப்பொருளைச் சொல்வார், மற்றொருவர் தமக்குப் பிடிக்காத கட்சியைச் சொல்வார். இவற்றுக்கெல்லாம் முந்தைய காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு மனிதன் தானே முடிவெடுத்து, அதன் விளைவையும் தானே ஏற்க வேண்டிய சின்னஞ்சிறு விஷயங்களில்கூட அரசு உள்ளே நுழைந்துவிட்டது. நுழைந்த இடத்திலெல்லாம் பொறுப்புணர்ச்சி மெல்ல வெளியேறிவிட்டது.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் நடந்ததைச் சொல்கிறேன். 2014 டிசம்பரில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் 10 வயதுச் சிறுவன் ஒருவனும் அவனுடைய 6 வயதுத் தங்கையும், பூங்காவிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த தங்கள் வீட்டுக்குப் பெரியவர் துணையின்றி நடந்து போனார்கள். யாரோ காவல்துறைக்குத் தகவல் சொல்ல, வழியிலேயே நிறுத்தப்பட்டு, காவலர் வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். அடுத்து குழந்தைகள் நலத்துறை பெற்றோரை விசாரித்தது. புறக்கணிப்பை நிரூபிக்கவும் முடியாமல், இல்லையென்று விடுவிக்கவும் மனமில்லாமல், இரண்டுங்கெட்டான் முடிவு ஒன்றை எழுதிக் கோப்பில் வைத்தது. சில மாதங்களில் அதே குழந்தைகள் மறுபடியும் பிடிக்கப்பட்டு, மணிக்கணக்கில் காக்க வைக்கப்பட்ட பிறகே பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பெற்றோர் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள் என்றாலும் செய்தி நாடெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது: பிள்ளையைத் தனியாக வெளியே அனுப்பினால் வாசலில் அரசு வந்து நிற்கும். 2018-இல் யூட்டா மாநிலம், தக்க வயதுள்ள குழந்தை தனியாகப் பள்ளிக்கு நடப்பதோ விளையாடப் போவதோ புறக்கணிப்பு ஆகாது என்று தனியாகவே ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. பிள்ளைகள் தெருவில் நடப்பதற்குச் சட்டமன்றத்தின் அனுமதி தேவைப்படுகிற நாட்டில் பெற்றோரின் பொறுப்பைப் பற்றி யார் பேசுவது?

இன்னொன்று நம் மக்களுக்கு நேரடியாகத் தெரிந்தது. நம்மூர் அழகு நிலையத்தில் புருவம் திருத்த ஒரு நூல்கண்டும் பழகிய விரல்களும் போதும். டெக்சாஸில் அந்தத் த்ரெட்டிங் வேலையைச் செய்பவர் 750 மணி நேரம் அழகுக்கலைப் பயிற்சி பெற்று உரிமம் வாங்க வேண்டும் என்று மாநில உரிமத்துறை பிடிவாதம் பிடித்தது. வேலை செய்தவர்களும் கடை உரிமையாளர்களும் வழக்குத் தொடுத்து மாநில உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 ஜூனில் தீர்ப்பளித்த நீதிமன்றம், அந்த 750 மணியில் 320 மணி வரை த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாதவை என்பதைச் சுட்டிக்காட்டி அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. 1950-களில் இருபதில் ஒருவருக்கு மட்டுமே வேலை செய்ய அரசு உரிமம் தேவைப்பட்டது. இப்போது நான்கில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது. இதை எடுத்துச் சொன்ன 2015 அறிக்கை ஒபாமாவின் வெள்ளை மாளிகையிலிருந்தே வெளிவந்தது என்பதால், இதைக் கட்சிப் பிரசாரம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

செங்காந்தள் (நியூ ஜெர்சி):

நியூயார்க் நகரின் குளிர்பானக் கோப்பை விவகாரத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 2012-இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், உணவகங்களிலும் திரையரங்குகளிலும் தள்ளுவண்டிகளிலும் சர்க்கரை கலந்த பானங்களை 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட கோப்பையில் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார். நகர நலவாழ்வு வாரியம் அதை நிறைவேற்றியது. ஆனால் பெட்டிக்கடை வகையைச் சேர்ந்த செவன்-இலெவன் போன்றவை மாநிலத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் அங்கே இதைவிடப் பெரிய கோப்பை தாராளமாகக் கிடைக்கும். பால் அதிகம் கலந்த பானத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் விதி அதைத் தொடாது. ஒரே தெருவின் இந்தப் பக்கம் குற்றமாகவும் அந்தப் பக்கம் வியாபாரமாகவும் இருக்கிற ஒரு விதியை யார் மதிப்பார்கள்? 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள் நீதிபதி தடுத்தார். 2014-இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், வாரியம் தன் அதிகார வரம்பை மீறிவிட்டது என்று முடித்துவைத்தது.

இதைப் பார்த்துப் பதறிய மிசிசிப்பி மாநிலம், தன் ஊராட்சிகள் எதுவும் கோப்பையின் அளவில் கைவைக்கக் கூடாது என்று 2013-இல் சட்டமே இயற்றியது. உடற்பருமன் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் முன்னணியில் இருக்கும் ஊர் அது. கட்டுப்படுத்துவதற்கும் ஒரு சட்டம், கட்டுப்படுத்தாதே என்பதற்கும் ஒரு சட்டம். குடிப்பவர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறார். நாடு முழுவதும் பெரியவர்களில் பருமனானோர் 1999-2000-இல் 30.5 விழுக்காடு, 2017-18-இல் 42.4 விழுக்காடு.

மருதநிலத்தான் (ஒஹாயோ):

வைகைக்கரையான் ஐயா எடுத்துக்காட்டுகளை நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆனால் அபத்தமான விதிகளை மட்டும் பொறுக்கி எடுத்து அடுக்கினால் எந்த அரசையும் கோமாளியாக்கிவிடலாம். "சரிவு" என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்.

1965-இல் அமெரிக்கப் பெரியவர்களில் 42 விழுக்காட்டினர் புகைபிடித்தார்கள். இப்போது அது 12 விழுக்காட்டுக்கும் கீழே. 1991-இல் 15 முதல் 19 வயது வரையிலான பெண்கள் ஆயிரம் பேருக்கு 61.8 பிரசவங்கள் நிகழ்ந்தன; இப்போது ஏறத்தாழ 13. வன்முறைக் குற்றங்களின் விகிதம் 1991-இன் உச்சத்தோடு ஒப்பிட்டால் பாதியளவுக்கு இறங்கியிருக்கிறது. சாலையில் ஓடும் ஒவ்வொரு 10 கோடி மைலுக்கும் 1966-இல் 5.5 பேர் இறந்தார்கள், 2023-இல் ஏறத்தாழ 1.3 பேர். பொறுப்பற்றுப் போன சமூகம் என்று நீங்கள் சொல்லும் காலத்தில்தான் இவையனைத்தும் நடந்தன. சீட் பெல்ட் கட்டாயச் சட்டத்தை 1984-இல் முதன்முதலாக நியூயார்க் கொண்டுவந்தபோது எழுந்த கூக்குரலும் நீங்கள் இப்போது எழுப்புவதே: "என் உயிர், என் கார், அரசுக்கு என்ன வேலை?" இன்று யாரும் பெல்ட் போடுவதைத் தங்கள் ஆளுமை குலைந்ததற்கு அடையாளமாகக் கருதுவதில்லை.

தஞ்சைத்தரணி (சென்னை):

வெளியிலிருந்து படிப்பவன் என்ற முறையில் ஒரு சந்தேகம் கேட்கிறேன். நியூ ஹாம்ப்ஷயரில் இன்றுவரை சீட் பெல்ட் கட்டாயமில்லை என்று எங்கோ படித்தேன். உண்மைதானா?

மருதநிலத்தான் (ஒஹாயோ):

உண்மைதான் தம்பி. 18 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் கட்டாயம். பெரியவர்கள் விருப்பம்போல் போகலாம். "சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி" என்பது அந்த மாநிலத்தின் முழக்கம். கார்களின் நம்பர் பிளேட்டிலும் அது பொறிக்கப்பட்டிருக்கும். 1970-களில் ஒருவர் தம் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்று பிளேட்டில் இருந்த அந்த வாசகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டினார். சுதந்திரத்தைப் பறைசாற்றும் வாசகத்தை மறைத்த குற்றத்துக்காக அவரை 15 நாள் சிறையில் வைத்தது மாநிலம். 1977-இல் உச்ச நீதிமன்றம்தான் அவருக்கு நியாயம் வழங்கியது. அரசு சிறியதாக இருந்தாலும் அதற்கு வீம்பு குறைவதில்லை.

செங்காந்தள் (நியூ ஜெர்சி):

பெல்ட்டை ஏற்கிறேன். ஆனால் குடிப்பதற்கான வயதை 21 ஆக்கிய முறையைப் பாருங்கள். 18 வயதில் ராணுவத்தில் சேரலாம், வாக்களிக்கலாம், கடனுக்குக் கையெழுத்திடலாம். பீர் வாங்க முடியாது. மாநிலங்களின் உரிமை அது என்பதால் நடுவண் அரசு நேரடியாக உத்தரவிட முடியவில்லை. எனவே 1984-இல், வயதை உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை வெட்டுவோம் என்று சட்டம் வந்தது. தெற்கு டகோட்டா வழக்காடித் தோற்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன. கையை முறுக்கி வாங்கிய சம்மதத்துக்குக் கூட்டாட்சி என்று பெயர்.

முல்லைநிலா (மெம்பிஸ்):

சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். எங்கள் நகரின் தெற்கு எல்லையைத் தாண்டினால் மிசிசிப்பி. கோப்பையும் புருவமும் பேசிக்கொண்டிருக்கும் நீங்கள், "தனிமனிதப் பொறுப்பு" என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய சட்டத்தை மறந்துவிட்டீர்கள். 1996 ஆகஸ்டில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தனிமனிதப் பொறுப்பு மற்றும் வேலைவாய்ப்புச் சட்டம், ஏழைத் தாய்மார்களுக்கு 1930-களிலிருந்து கிடைத்துவந்த உதவித்தொகை உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் ஒரே தொகையாக 1,650 கோடி டாலர் வழங்கப்படும். நடுவண் நிதியிலிருந்து ஒரு குடும்பம் வாழ்நாளில் மொத்தம் 5 ஆண்டுகள் மட்டுமே உதவி பெறலாம். வேலை தேடியாக வேண்டும். அந்த 1,650 கோடி இன்றுவரை விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படவில்லை.

இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை மிசிசிப்பியில் பார்க்கலாம். விண்ணப்பிக்கிற தாய் பொறுப்பு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட வேண்டும். 2014-இலிருந்து, அவர் போதைப்பொருள் பயன்படுத்துகிறாரா என்று கேள்வித்தாள் கொடுத்துச் சோதிக்கிறார்கள். பதில் சந்தேகத்தைக் கிளப்பினால் சிறுநீர்ப் பரிசோதனை. வேலை தேடியதற்கான சான்று, குழந்தைகளின் தடுப்பூசிச் சான்று, தந்தையிடம் ஜீவனாம்சம் கோருவதற்கான ஒத்துழைப்பு என்று காகிதங்கள் நீளும். ஒரு காகிதம் தாமதமானால் அந்த மாதத் தொகை நின்றுபோகும். இத்தனைக்கும் பிறகு மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்குக் கிடைத்தது மாதம் 170 டாலர். 2021-இல் அதை 260 டாலராக உயர்த்தினார்கள்.

இதே காலத்தில் அந்தப் பணம் எங்கே போனது? 2020 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கையாளர் மனித சேவைத் துறையின் முன்னாள் இயக்குநர் ஜான் டேவிஸ் உள்ளிட்ட சிலரைக் கைது செய்ய வைத்தார். அந்த ஆண்டு மே மாதம் வெளியான தணிக்கை, 9.4 கோடி டாலர் வரை கேள்விக்குரிய முறையில் செலவாகியிருப்பதாகச் சொன்னது. தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் கைப்பந்து அரங்கம் கட்ட 50 லட்சம் டாலர் போயிருந்தது. என்னால் மறக்க முடியாத செலவு ஒன்று உண்டு. முன்னாள் மல்யுத்த வீரர் ஒருவர், கலிபோர்னியாவின் மாலிபுவில் இருக்கும் சொகுசுப் போதை மறுவாழ்வு மையத்தில் தங்குவதற்கு 1,60,000 டாலர் இதே நிதியிலிருந்து கட்டப்பட்டது. 170 டாலருக்கு விண்ணப்பித்த பெண்ணைப் போதைக்காகச் சோதித்தார்கள். அவளுக்குச் சேர வேண்டிய பணத்தில் இன்னொருவருக்குக் கடற்கரையில் சிகிச்சை நடந்தது. ஜான் டேவிஸ் 2022 செப்டம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை இது. ஆனால் வேலி போட்ட சட்டத்தின் பெயர் பொறுப்பு.

எனவே அரசு அதிகமாகிவிட்டதா, குறைந்துவிட்டதா என்ற கேள்வியே எனக்குப் பொருந்தவில்லை. கீழே இருப்பவர் மீது அது கழுகுக் கண்ணோடு இருக்கிறது. மேலே இருப்பவரிடம் வந்ததும் தூங்கிவிடுகிறது.

வைகைக்கரையான் (டாலஸ்):

முல்லைநிலா அம்மா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அது என் தரப்பு வாதமாகவும் இருக்கிறது. கோடிக்கணக்கான பணத்தை, பெறுபவருக்கும் கொடுப்பவருக்கும் முகமறியாத ஒரு துறையின் கையில் ஒப்படைத்தால் இப்படித்தான் முடியும். அந்த 170 டாலரை ஊர்த் தேவாலயமோ அறக்கட்டளையோ கொடுத்திருந்தால், கொடுப்பவருக்கு அந்தப் பெண்ணின் வீடு தெரிந்திருக்கும். மாலிபுவுக்குக் காசோலை அனுப்பியவரின் முகமும் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

1996 சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தனித்து வாழும் தாய்மார்கள் பெருமளவில் வேலைக்குச் சென்றார்கள். குழந்தை வறுமை 1996-இல் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. 2000-இல் ஏறத்தாழ 16-க்கு இறங்கியது. எதிர்பார்ப்பு வைத்தால் மனிதர்கள் அதற்கு ஏற்ப எழுந்து நிற்பார்கள் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

முல்லைநிலா (மெம்பிஸ்):

அண்ணா, 1990-களின் இறுதியில் வேலைச் சந்தை கொழித்தது. உழைக்கும் ஏழைகளுக்கான வரிச் சலுகையை 1993-இலேயே அரசு பெரிதாக விரிவாக்கியிருந்தது. அந்த முன்னேற்றத்தில் இவ்விரண்டுக்கும் பெரும் பங்கு உண்டு. பொருளாதாரம் 2008-இல் சரிந்து வேலையே இல்லாமல் போனபோது, மற்ற உதவித் திட்டங்கள் விரிந்தன. இந்த உதவித்தொகை மட்டும் அசையவில்லை. வேலை இல்லாத காலத்தில் வேலை தேடு என்று சொல்வது பொறுப்பைக் கற்பிப்பதாகாது. தேவாலயங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்கள் பகுதியில் அவை செய்வது அதிகம், மாதக் கடைசியில் உணவு வழங்கும் இடத்தில் வரிசை வளைந்து வளைந்து நிற்கும். அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லோரையும் தாங்கும் வசதி தங்களிடம் இல்லை என்று முதலில் சொல்பவர்களும் அங்குள்ள போதகர்களே.

குறிஞ்சிக்குயில் (செயின்ட் லூயிஸ்):

இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டிலிருந்து சிறிது தொலைவில் இருக்கும் ஃபெர்குசன் நகரைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். 2014-இல் அங்கே ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக்கொன்றதையும் அதைத் தொடர்ந்த போராட்டங்களையும் எல்லோரும் அறிவார்கள். அறிக்கையின் பெரும்பகுதி அதற்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த அபராத வசூலைப் பற்றியது. 21,000 பேர் வாழும் ஊர். புல் உயரமாக வளர்ந்தால் 531 டாலர் வரை அபராதம், சாலையில் நடந்த விதம் சரியில்லை என்றால் 302 டாலர். ஆண்டு வரவு செலவுத் திட்டம் போடும்போதே இவ்வளவு அபராதம் வர வேண்டும் என்று நகர நிர்வாகம் காவல்துறைக்குச் சொல்லிவைத்தது.

அறிக்கையில் வரும் ஒரு பெண்மணி 2007-இல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலரும் கட்டணங்களும். வறுமையில், சில காலம் வீடுகூட இல்லாமல் இருந்த அவர், குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வராதபோதெல்லாம் புதிய அபராதம் சேர்ந்தது, பிடியாணை பிறந்தது. ஒருமுறை 25 டாலரும், மற்றொருமுறை 50 டாலரும் அனுப்பிப் பார்த்தார்; முழுத் தொகை இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்து, 550 டாலர் கட்டி முடித்த பிறகும், 2014 டிசம்பரில் அவர் கட்ட வேண்டிய பாக்கி 541 டாலர்.

இந்தப் பெண்ணின் கதையில் பொறுப்பு யாருக்கு இருந்தது? கையில் கிடைத்ததைக் கொண்டுபோய்க் கட்டியவருக்கா, அதைத் திருப்பி அனுப்பியவர்களுக்கா? அதிலும் கொடுமை, அதே நகர அதிகாரிகள் தங்களுக்கும் தங்கள் நண்பர்களுக்கும் வந்த அபராதச் சீட்டுகளைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்துகொண்டதையும் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஃபெர்குசன்வாசிகளுக்குப் பொறுப்புணர்ச்சி போதாது என்று பிரசங்கம் செய்தவர்களும் அவர்களே.

செங்காந்தள் (நியூ ஜெர்சி):

புல் என்றதும் ஞாபகம் வருகிறது. என் உறவினர் குடியிருக்கும் குடியிருப்பில் வீட்டு உரிமையாளர் சங்கம், குப்பைத் தொட்டி தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிறது என்று கடிதம் போட்டு அபராதம் விதித்தது. கதவுக்கு என்ன நிறம் அடிப்பது, கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைக்கலாமா என்பதையெல்லாம் அவர்கள் தீர்மானிக்கிறார்கள். இது அரசே இல்லை, தனியார் ஒப்பந்தம். அரசை வெளியே தள்ளினால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

நெறியாளர்:

வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே ஒரு போரே நடக்கிறது. இங்கே அரசைப் பற்றியே பேசுவோம்.

தாமிரபரணியாள் (மேற்கு வர்ஜீனியா):

செவிலியராக இருக்கிறேன். சரிவு என்ற சொல்லுக்கு எங்கள் மாநிலத்தில் பொருள் தேட வேண்டியதில்லை. மருதநிலத்தான் ஐயா தந்த புள்ளிவிவரங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கர்களின் சராசரி ஆயுள் 2019-இல் 78.8 ஆண்டுகள், 2021-இல் 76.4. கோவிட் பெரும் காரணம் என்றாலும், அளவு மீறிய போதையால் அந்த ஓராண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு ஆயுள் ஓரளவு மீண்டிருக்கிறது, போனவர்கள் மீளவில்லை.

பர்டூ நிறுவனம் ஆக்ஸிகான்டின் வலிநிவாரணியை 1996-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லி விற்றார்கள். மக்கள் அடிமையாகத் தொடங்கியதும், அந்நிறுவனத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் சாக்லர் 2001-இல் எழுதிய மின்னஞ்சல் ஒன்று பின்னாளில் வழக்கில் வெளிவந்தது: தவறாகப் பயன்படுத்துபவர்களே குற்றவாளிகள், அவர்களை முடிந்த வழியிலெல்லாம் அடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தனிமனிதப் பொறுப்பு என்ற வாதத்தை எவ்வளவு வசதியாகக் கையாள முடியும் என்பதற்கு இதுவே போதும். 2007-இல் அந்த நிறுவனம் மருந்தைப் பற்றிப் பொய்யாக விளம்பரம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலர் கட்டியது. அதிகாரிகள் மூவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், யாரும் சிறைக்குப் போகவில்லை. ஃபெர்குசன் பெண்மணி காரைத் தவறாக நிறுத்தியதற்கு ஆறு நாள் சிறையில் இருந்தார் என்பதை மேலே படித்தேன்.

எங்கள் மாநிலத்தின் கெர்மிட் என்ற சிற்றூரில் 400 பேர்கூட இல்லை. அங்கிருந்த ஒரே ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு ஆண்டுகளில் அடிமையாக்கக்கூடிய வலிநிவாரணியான ஹைட்ரோகோடோன் மாத்திரைகளை ஏறத்தாழ 90 லட்சம் எண்ணிக்கையில் மொத்த விற்பனையாளர்கள் அனுப்பினார்கள். இந்த மாத்திரைகள் ஒவ்வொன்றும் எந்தக் கடைக்குப் போகிறது என்ற கணக்கு நடுவண் போதைப்பொருள் தடுப்பு அமைப்பின் தரவுத்தளத்தில் முறையாக ஏறிக்கொண்டிருந்தது. கணக்கு இருந்தது, அதிகாரம் இருந்தது, சட்டமும் இருந்தது. என்னிடம் வரும் நோயாளிகளில் பலர், முதல் மாத்திரையை வாங்கியது மருத்துவர் எழுதிய சீட்டில்தான் என்று சொல்வார்கள். அதன்பிறகு தாங்கள் செய்தவற்றை ஒளிக்காமல் சொல்பவர்களும் அவர்களே. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும், நானும் அதை நம்புகிறவள்தான். மூட்டை மூட்டையாக உப்பை இறக்கியவர்கள் மட்டும் ஏன் தாகமில்லாமல் இருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

தஞ்சைத்தரணி (சென்னை):

வைகைக்கரையான் ஐயாவிடம் ஒரு கேள்வி. காவல்துறை ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்காமலேயே அவருடைய பணத்தைப் பறிமுதல் செய்யலாம் என்றும், வழக்கு அந்தப் பணத்தின் மீதே நடக்கும் என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். பணம் எப்படிப் பிரதிவாதி ஆகும்?

வைகைக்கரையான் (டாலஸ்):

ஆகும். "அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 124,700 டாலர்" என்ற பெயரிலேயே ஒரு வழக்கு உண்டு. நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டியதற்காக நிறுத்தப்பட்ட ஒருவரின் வாடகைக் காரில், குளிர்பெட்டிக்குள் அந்த ரொக்கம் இருந்தது. குளிரூட்டப்பட்ட சரக்கு லாரி வாங்கச் சேர்த்த பணம் என்றார். காரில் போதைப்பொருள் இல்லை; மோப்ப நாய் மோப்பம் பிடித்தது, அவ்வளவுதான். விசாரணை நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. குற்றவியல் வழக்கில் உங்களைக் காக்கும் பாதுகாப்புகள் உங்கள் பணத்துக்கு இல்லை; உரிமையாளர் வழக்கறிஞரைத் தம் செலவில் அமர்த்தி வாதாட வேண்டும். பிடிபட்டது 800 டாலராக இருந்தால் யார் வழக்காடப் போவார்கள்? நடுவண் அரசோடு சேர்ந்து பறிமுதல் செய்தால் அதில் 80 விழுக்காடு வரை உள்ளூர்க் காவல்துறைக்கே திரும்பி வரும்.

குறிஞ்சிக்குயில் (செயின்ட் லூயிஸ்):

அப்படியானால் ஐயா, ஃபெர்குசனும் இதுவும் ஒன்றுதானே? வசூலிக்கிறவருக்கே வசூலில் பங்கு இருக்கிறது. வரியை உயர்த்தத் துணியாத அரசு, சண்டையிட வசதியில்லாதவர்களிடமிருந்து அபராதமாகவும் பறிமுதலாகவும் அதை எடுத்துக்கொள்கிறது. இளைத்தவனைக் கண்டால் ஏறி மிதிப்பதைப் பெரிய அரசு என்பதா, சிறிய அரசு என்பதா?

வைகைக்கரையான் (டாலஸ்):

அரசு என்றே சொல்வேன். அதன் அளவைக் குறைத்தால் மிதிக்கும் காலும் குறையும் என்ற என் நிலையை நான் விடவில்லை. ஆனால் எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது என்பதில் இந்த இழை என்னை ஓரிடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. உதவித்தொகையிலிருந்து தொடங்க வேண்டும் என்று என் தரப்பினர் பலர் சொல்வார்கள். நான் அபராதத்திலிருந்தும் பறிமுதலிலிருந்தும் தொடங்குவேன்.

மருதநிலத்தான் (ஒஹாயோ):

அதில் உங்களோடு கைகோர்க்க எனக்குத் தடையில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, மிகையான அபராதத்துக்கு எதிரான அரசமைப்புத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. அந்த இந்தியானா வழக்கில், ஒருவர் 42,000 டாலர் பெறுமான வண்டியைப் பறிகொடுத்தார். அவர் செய்த குற்றத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000 டாலர். வண்டியைப் பிடித்தது 2013-இல், அவர் கைக்குத் திரும்பியது 2020-இல். அதன் பிறகும் மாநிலம் விடாமல் மேல்முறையீடு செய்து 2021-இல்தான் ஓய்ந்தது. அவர் மறுவாழ்வு பெற்று வேலைக்குப் போக முயன்ற ஆண்டுகள் அவை, போக வண்டியில்லை. பொறுப்போடு வாழ் என்று சொல்லும் அரசே அதற்கான சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தது.

முல்லைநிலா (மெம்பிஸ்):

நியூ மெக்சிகோவைப் பாருங்கள். 2015-இல் ஆளுநர் சூசானா மார்ட்டினெஸ், முன்பு அரசு வழக்கறிஞராக இருந்த குடியரசுக் கட்சிக்காரர், குற்றவியல் தண்டனை இல்லாமல் பறிமுதல் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். இரு கட்சியினரும் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது அது. பறிமுதலான பணமும் காவல்துறைக்குப் போகாது, மாநிலப் பொது நிதிக்குப் போகும்.

வைகைக்கரையான் (டாலஸ்):

நல்ல சட்டம் அம்மா. ஆனால் அதன் அடுத்த அத்தியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அல்புகர்க்கி நகராட்சி, அந்தச் சட்டம் மாநிலத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, குடிபோதையில் ஓட்டியவர்களின் கார்களைத் தொடர்ந்து பிடித்து ஏலம் விட்டது. ஓட்டியவர் மகனாக இருக்கும், கார் தாயாருடையதாக இருக்கும். தான் குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேண்டியவர் அந்தத் தாயார். இந்தத் திட்டத்தின் ஊழியர்களின் சம்பளமும் அந்த வசூலிலிருந்தே வந்தது. 2018-இல் நடுவண் நீதிபதி ஒருவர், வசூல் செய்கிறவரே அந்த வசூலால் வாழ்வது நீதிமுறைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அந்த ஆண்டில்தான் நகராட்சி கையை எடுத்தது. சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் வரை, மாநிலம் முழுவதும் ஒருமனதாக வேண்டாம் என்று சொன்ன ஒன்றை ஒரு நகராட்சி விடவேயில்லை. முல்லைநிலா அம்மா, மிசிசிப்பி நிதிக்கும் இதுபோல் ஒரு விதி கொண்டுவர முடியுமா என்பதை நீங்கள் எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

முல்லைநிலா (மெம்பிஸ்):

முடியும். அந்த நிதியில் இவ்வளவு பங்கு நேரடியாகக் குடும்பங்களின் கைக்கு ரொக்கமாகப் போக வேண்டும் என்று நடுவண் சட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும். 1996-இல் அந்த வரியை எழுதாமல் விட்டார்கள். அதனால்தான் ஒரு மாநிலம் அரங்கம் கட்டியது. மிச்சிகன் அதில் ஒரு பகுதியைக் கல்லூரி உதவித்தொகைக்குத் திருப்பியது, அது சட்டப்படி செல்லவும் செல்கிறது. தாய்மார்கள் கையெழுத்திடும் உடன்படிக்கையைப் போல, செலவு செய்யும் துறைத் தலைவர் கையெழுத்திடவும் ஒன்று இருக்கட்டும். காகிதம் தாமதமானால் அவருடைய அந்த மாதச் சம்பளமும் நிற்கட்டும்.